மேல வரிசை, கீழ வரிசை

எல்லாருக்கும் வணக்கம். சுகமாக இருக்கிறீர்களா? முட்டிவலி, சுகர், பிரஷர் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா? இங்கே மதுரையில் மழை பிடித்துக்கொண்டது. வைகையில் தண்ணீர் ஓடுகிறது, எங்கள் கோச்சடைப் பக்கம் முழுக்கக் கொசு. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காலை நீட்டி உட்காருங்கள். எங்கள் மாடியில் குடியிருக்கும் ஷெரினைத் தேடி, ஆவணி மாதத்தில் ஒரு காலை, வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து இருளாயி என்று ஒரு பெண் வந்தாள். அவள் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் ஷெரின். ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தவள். கொரோனாவில் வேலை போனது. அடுத்த வருஷம் அவள் அம்மா ஆனிமேரியும் கண்ணை மூடிவிட்டாள். கல்யாணம் ஆகவில்லை. மாடியில் அவளும் ஒரு டேப்பும்தான். சிலேட்டு மாதிரி இருக்குமே, அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர்; பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பாடம் எடுக்க வாங்கியது. இப்போது அதில்தான் பிழைப்பு. ஃபிளெக்ஸ் பேனர்களுக்குப் படம் வெட்டிக் கொடுக்கிறாள்.

நம் ஊரில் கல்யாணம், காதுகுத்து, சர்ச்சில் புதுநன்மை, சடங்கு, எதுவாக இருந்தாலும் பேனர் இல்லாமல் நடக்காதே. சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு போட்டோவை வாட்ஸப்பில் அனுப்புவார்கள். ஒருவர் கோயில் வாசலில் நிற்பார், ஒருவர் பைக்கில் உட்கார்ந்திருப்பார், ஒருவர் பிரியாணித் தட்டோடு இருப்பார். ஷெரின் டேப் பென்னை வைத்துத் திரையில் ஓரம் ஓரமாக வரைந்து, ஆளை மட்டும் வெட்டி எடுப்பாள். வெட்டுவதற்கென்றே ஆப் இருக்கிறது. ஆனால் அது அவசரக்குடுக்கை.

"ஒரு அமுக்குல வெட்டிரும் ஆன்ட்டி. ஆனா காதத் தின்னுரும், முடியத் தின்னுரும். மூக்குத்திய மூக்கோட சேத்து வழிச்சுரும். அதெல்லாம் நான் கையாலதான் திருப்பிக் கொண்டாரணும்" என்பாள்.

பேனருக்கு ஒரு முறை உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். செத்துப்போன பெரியவர்கள் மேல வரிசையில் இருப்பார்கள். வட்டத்துக்குள் முகம், பக்கத்தில் ஒரு விளக்கு, 'நல்லாசியுடன்' என்று எழுத்து. உயிரோடு இருக்கிறவர்கள் கீழ வரிசையில், எல்லாரும் வெள்ளைச் சட்டையில் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்கள். அந்த உடம்பு அவர்களுடையது இல்லை. யாரோ ஒருவருடைய கும்பிட்ட உடம்பில் இவர்கள் தலையை மாட்டுவது. கடைக்காரர்கள் அதற்குக் 'கும்பிடு பாடி' என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

நாள் முழுக்க அவள் மடியில் ஊர்க்காரர்கள் முகம்தான். நான் குழம்பு கொண்டு மேலே போனால், டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் "வைங்க ஆன்ட்டி" என்பாள். ஒரு நாள் அரசரடியில் பஸ் ஏறியவள், எதிர் சீட்டில் இருந்த ஆளைப் பார்த்துச் சிரித்து, "அக்கா பொண்ணு காதுகுத்து நல்லா நடந்துச்சா அண்ணே?" என்று கேட்டுவிட்டாளாம். அந்த ஆள் மிரண்டு போய் இறங்க வேண்டிய ஸ்டாப்புக்கு முன்னாலேயே இறங்கிவிட்டார். அவர் தலையை இவள் முதல் நாள்தான் வெட்டியிருந்தாள். இதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்தபின் அந்த வீட்டில் வேறு சத்தமே இல்லை.

இனி இருளாயி வந்த காலைக்கு வருகிறேன்.

நான் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, முறுக்கு மீசை. பின்னால் இருந்தவள் சேலையை இழுத்துச் செருகி, தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. சேலை ஓரத்தில் ஈர மண். நெற்றியில் அகலமாகக் குங்குமம்.

"இங்கன படம் வெட்டுற டீச்சர் வீடு எது?" என்றாள்.

"மாடி. நீங்க யாரு?"

"என்னையவா கேக்குறீக? விடியிற வரைக்கும் சுமங்கலி. இப்ப என்னன்னு அந்த டீச்சர்ட்டதேன் கேக்கணும்."

கூட வந்தவன் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீக. எங்க மதினி. பேரு இருளாயி. நான் கொழுந்தன் அழகுபாண்டி. நாளைக்கு எங்க அண்ணன் மக முனீஸ்வரிக்கு வாடிப்பட்டியில கல்யாணம். பேனர்ல ஒரு சின்ன மிஸ்டேக்கு."

"சின்ன மிஸ்டேக்கா?" என்று திரும்பினாள் இருளாயி. "ஒங்கண்ணனக் கொன்னுருக்கு, சின்ன மிஸ்டேக்குங்கிற!"

சத்தம் கேட்டு ஷெரின் படியில் இறங்கி வந்தாள். இருளாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். இம்புட்டு ஒடிசலான பிள்ளையா என்று நினைத்திருப்பாள் போல. குரல் கொஞ்சம் இறங்கியது.

இருளாயியின் புருஷன் முத்திருளன். முனீஸ்வரி அஞ்சாப்பு படிக்கும்போது, ஆந்திராப் பக்கம் முறுக்குக் கம்பெனி வேலைக்கென்று போனவர். ரெண்டு பொங்கல் வரைக்கும் போனில் பேச்சு இருந்தது. அப்புறம் போனும் இல்லை, ஆளும் இல்லை. நெல்லூரில் பார்த்தேன் என்று ஒருத்தன் சொன்னான். வேற குடும்பம் இருக்கிறது என்று ஒருத்தன் சொன்னான். செத்திருப்பார் என்று ஊரே சொன்னது. இருளாயி எதற்கும் பதில் சொல்லவில்லை. குங்குமத்தை மட்டும் சின்னதாக்கவில்லை. விடியுமுன் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுப்பது, பகலில் நாற்று, களை, சாயங்காலம் ஆடு என்று மகளை நர்சிங் படிக்க வைத்து, மாப்பிள்ளையும் பார்த்துவிட்டாள்.

அன்றைக்குக் காலையில் பூ எடுத்துவிட்டு, கூட வேலை செய்யும் பெண்களோடு ரோட்டுக்கு வந்திருக்கிறாள். முக்கில் பேனர் கட்டி முடித்திருந்தார்கள். மகள் படத்தை எல்லாரும் பார்த்தார்கள். மேலே பார்த்தார்கள். அங்கே வட்டத்துக்குள் முத்திருளன் முகம், பக்கத்தில் விளக்கு.

"கூடப் பூ எடுக்குற சோணை பொண்டாட்டி தினம் எனக்கு ஒரு கிள்ளுப் பூ குடுப்பா தாயி, தலைக்கு வச்சுக்கிறச் சொல்லி" என்றாள் இருளாயி. "இன்னைக்கும் நீட்டுனா. நீட்டுனவ மேல பாத்தா. பாத்துட்டு, கைய அப்படியே இழுத்துக்கிட்டா. திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்."

வீட்டுக்குப் போனால், அடுத்த ஊர் சின்னாத்தா ஒருத்தி பஸ்ஸிலிருந்தே பேனரைப் பார்த்துவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறாள். 'எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாம பொணத்த எடுத்துட்டீகளே' என்று ஒப்பாரி. கையில் மருதாணியோடு முனீஸ்வரி வெளியே ஓடி வந்து, "எங்கப்பாவுக்கு என்னாச்சு?" என்று கேட்டாளாம்.

அதைச் சொல்லும்போது இருளாயி தலைத்துண்டை அவிழ்த்து வாயில் வைத்துக்கொண்டாள்.

ஷெரின் முகம் வெளுத்துவிட்டது. மாடிக்கு எல்லாரையும் கூட்டிப் போனாள். டேப்பைத் திறந்து, அந்த பேனரை எடுத்தாள்.

"காளை அண்ணன் ஃபிளெக்ஸ் கடையில இருந்து இருபது முப்பது படம் வந்துச்சும்மா. இது மட்டும் சுவத்துல மாட்டுன படத்தப் போன்ல எடுத்தது. கண்ணாடியில டியூப் லைட்டு வெளிச்சம் கோடா விழுந்துருந்துச்சு. மூஞ்சிக்குக் குறுக்க. அத அழிக்கவே நேரமாச்சு. 'அப்பா'ன்னு மட்டும் போட்டிருந்தாங்க. சுவத்துல இருந்து எடுத்தா..." அவள் நிறுத்திக்கொண்டாள்.

"சுவத்துல இருந்து எடுத்தா?"

"மேல வரிசைன்னு வச்சுக்குவோம்மா. ஆளயே நேராப் போன்ல எடுத்த படம்னா கீழ. யாரையும் கேக்கிறதில்ல. இதுவரைக்கும் தப்புனதில்ல."

"சட்டம் போட்டுட்டா செத்தவராயிருவாரா தாயி? இருக்கது ஒரே படம். பெட்டியில வச்சா எலி தின்னுருமேன்னு சட்டம் போட்டேன். மாலை போட்டனா? பொட்டு வச்சனா? ஒன் கண்ணுக்கு அது தெரியலையா?"

"தெரியலம்மா. மன்னிச்சிருங்க."

அழகுபாண்டி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். "மதினி, நாஞ் சொல்றதக் கொஞ்சம் கேளு. நடந்தது நடந்துபோச்சு. மாப்ள வீட்டுக்காரங்க திண்டுக்கல்லு பக்கம். அவுகளுக்கு என்ன தெரியும்? செத்துட்டாருன்னா 'ஐயோ பாவம்'னு ஒரு வார்த்தையில முடிஞ்சிரும். எங்கயோ இருக்காருன்னா, எங்க, யாரு கூட, ஏன் வரலைன்னு பந்தி முடியிற வரைக்கும் கேப்பாய்ங்க."

"ஒனக்குப் பந்தி. எனக்கு மேடை. நாளைக்கு எம்மக கழுத்துல தாலி ஏறும்போது என்னைய எங்க நிக்க வப்பாய்ங்க? தூணுக்குப் பின்னால. ஆரத்தித் தட்ட ஒம்பொண்டாட்டி எடுப்பா. நான் பெத்து, நான் வளத்து, அடுப்படியில நின்னு எட்டிப் பாக்கணும்."

அவன் மீசையைத் தடவினான்.

"அவரக் கீழ எறக்கு தாயி" என்றாள் இருளாயி. "எல்லாரு கூடயும் நிக்கட்டும்."

ஷெரின் பென்னை எடுத்தாள். விளக்கைத் தூக்கினாள், வட்டத்தைத் தூக்கினாள். முத்திருளன் தலையை இழுத்துக் கீழே கொண்டுவந்து ஒரு கும்பிடு பாடியில் மாட்டினாள். கழுத்தைச் சரி செய்தாள்.

"இது யாரு ஒடம்பு?"

"தெரியாதும்மா. எல்லாருக்கும் இதத்தான் மாட்டுறது."

"அப்ப எங்க கொழுந்தன் தொப்பை எங்கன்னு பாத்தேன்! அதனாலதேன் தம்பி, பேனர்ல நீ லட்சணமா இருக்க."

அழகுபாண்டி வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான். ஷெரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருளாயியும் சிரித்தாள். பிறகு டேப் பக்கத்தில் குனிந்தாள்.

"இந்த மனுசன் யாருக்கும் கும்பிடு போட்டவரில்லையே. சரி, இருக்கட்டும். ஆனா இம்புட்டு இளவட்டமா இருக்காரே தாயி. கல்யாணத்துக்கு எடுத்த படம். மக பக்கத்துல அண்ணன் மாதிரி இருக்காரு. என்னைய நிக்க வச்சா எனக்கு மகன்னு சொல்லுவாய்ங்க. வயசாக்க முடியுமா?"

ஷெரின் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "முடியும்மா. எப்படி இருப்பாருன்னு நீங்க சொல்லணும்."

இருளாயி தரையில் சம்மணம் போட்டு அவளுக்கு ஒட்டி உட்கார்ந்தாள். தெருவில் கீரைக்காரி கத்திக்கொண்டு போனாள். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை காய ஆரம்பித்துவிட்டது. ஃபேன் சூட்டைத்தான் சுற்றிக் கொடுத்தது. நான் காபி போட்டுக் கொண்டுவந்தேன். யாரும் தொடவில்லை.

"முன்னால முடி ஏறியிருக்கும். அவுக அப்பாவுக்கு அப்படித்தேன். ரெண்டு பக்கமும் ஏத்து. ம். காதோரம் நரை. மீசையில வேணாம், மீசைக்கு டை அடிப்பாரு. கன்னம் ஒடுங்கியிருக்கும். இல்ல, இரு. எண்ணெய்ச் சட்டி முன்னால நிக்கிற வேலை, முறுக்கக் கொறிச்சுக்கிட்டே இருப்பாரு. கன்னம் உப்பியிருக்குமோ? எதுக்கும் கொஞ்சம் உப்பவையி. கண்ணுக்குக் கீழ கருப்பு. அடுப்பு அனலு."

இருளாயி சொன்னதை எல்லாம் ஷெரின் செய்தாள். சூம் பண்ணி, ஒவ்வொரு முடியாக வெள்ளை இழுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்த இளைஞன் போய், வேறு ஒரு ஆள் வந்தார். நடுத்தர வயசு, வழுக்கை, கொஞ்சம் களைப்பு. கும்பிட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார். அப்படியே உயிரோடு இருந்தார்.

"எங்கண்ணனேதேன்" என்றான் அழகுபாண்டி.

இருளாயி விரலை நீட்டினாள், டேப்பைத் தொடாமல் நிறுத்திக்கொண்டாள்.

"நல்லாத்தேன் வந்துருக்கு தாயி" என்றாள் கடைசியில். "ஆனா இந்த ஆள எனக்குத் தெரியாது."

"எங்கம்மா தப்பு? சொல்லுங்க, மாத்திரலாம்."

"தப்பு இல்ல. இப்படித்தேன் இருப்பாரு. அதேன் சொல்றேன். இந்த நரை எங்க வச்சு விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. இந்தக் கன்னம் எஞ்சோத்தத் தின்னு உப்புனது இல்ல. யாரு வீட்லயோ வயசான ஆளக் கொண்டாந்து, எம்மக கல்யாணத்துல எம்பக்கத்துல நிக்க வைக்கவா?"

இருளாயி திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எடுத்துரு. மேலயும் வேணாம், கீழயும் வேணாம்."

"மதினி!" என்றான் அழகுபாண்டி. "அப்ப பொண்ணோட அப்பன்னு அந்த எடத்துல யாரப் போடுறது?"

"அம்மான்னு போடு."

பாருங்கள், அதுவரைக்கும் எங்கள் யாருக்குமே உறைக்கவில்லை. அந்த பேனரில் மாமன், சித்தப்பன், மச்சான், நண்பர்கள் குழு என்று அம்புட்டுத் தலை இருந்தது. பெற்றவள் தலை இல்லை. "ஒன் படம் யாருக்கிட்ட இருக்கு மதினி, ஆதார் கார்டுலதேன் இருக்கு" என்றான் அழகுபாண்டி. அவன் பொய் சொல்லவில்லை.

ஷெரின் டக்கென்று எழுந்தாள். "ஆன்ட்டி, ஒரு வெள்ளப் பெட்ஷீட் குடுங்க."

நான் ஒரு முனையையும் அழகுபாண்டி ஒரு முனையையும் பிடித்தோம். இருளாயி முகம் கழுவி, என் கண்ணாடியில் பார்த்துக் குங்குமத்தைத் திருத்திக்கொண்டு முன்னால் நின்றாள். பட்டுச்சேலை உடம்பு ஒன்று இருக்கிறது, தலையை அதில் வைக்கட்டுமா என்று ஷெரின் கேட்டாள்.

"வேணாம் தாயி. யாரு ஒடம்போ. என் ஒடம்பு இருக்குல்ல."

அந்தச் சேலையோடேயே, கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். பூவும் களையும் எடுத்து வெடித்த விரல்கள். "சிரிங்கம்மா" என்றாள் ஷெரின். அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களை வாங்க என்று கூப்பிடும்போது முகம் இருக்குமே, அப்படி வைத்துக்கொண்டாள்.

ஆப்பிடம் கொடுக்கவே இல்லை ஷெரின். எல்லாம் கையால். காற்றில் பறந்த முடியைக்கூட விடவில்லை. இருளாயி அருகிலேயே இருந்து பார்த்தாள்.

"எம்மூஞ்சிய இம்புட்டுப் பெரிசா நானே பாத்ததில்ல" என்றாள். பிறகு கேட்டாள். "அவரு எங்க? அழிச்சிட்டியா?"

ஷெரின் திரையின் ஓரத்தைக் காட்டினாள். வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கண் படம். "இந்தக் கண்ண மூடிட்டா போதும்மா. படம் அப்படியே இருக்கும், வெளிய தெரியாது. அழிக்கணுமா?"

இருளாயி அந்த மூடிய கண்ணைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"இருக்கட்டும்" என்றாள். "எங்க வீட்லயும் அப்படித்தேன் இருக்காரு."

காளை போனில் முணுமுணுத்தான். ஆனாலும் மத்தியானத்துக்குள் அடித்துக் கொடுத்துவிட்டான். அழகுபாண்டியே முக்கில் நின்று பழையதை இறக்கிப் புதியதைக் கட்டினான்.

இருளாயி கூப்பிட்டாள் என்று மறுநாள் நானும் ஷெரினும் வாடிப்பட்டி மண்டபத்துக்குப் போனோம். வாசலிலேயும் அதே புது பேனர். ஆம்பிளைத் தலைகளுக்கு நடுவில், வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவில், சாயம் போன பச்சைச் சேலையில் ஒரே ஒருத்தி தனியாகக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். மண்டபத்துக்குள் ஷெரின் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். "அது தாய்மாமன், காது வெட்டக் கஷ்டமா இருந்துச்சு. அது நண்பர்கள் குழு, மூணாவது ஆளு." எல்லாரையும் அவளுக்குத் தெரிந்தது. அவளை ஒருத்தரும் யார் என்று கேட்கவில்லை.

முகூர்த்த நேரத்தில் அந்தச் சின்னாத்தா வாயைத் திறந்தாள். "இருளாயி, நீ கொஞ்சம் கீழ எறங்கி நில்லுத்தா. எதுக்கு வம்பு? நல்ல நேரத்துல."

இருளாயி அசையவில்லை. ஆனால் முகம் செத்துவிட்டது. மணவறையில் குனிந்திருந்த முனீஸ்வரி, திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டி, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மா இங்கதேன் நிக்கும். வாசல்ல அதுதான எல்லாரையும் வாங்கன்னு கூப்பிடுது? கூப்பிட்டவுகளக் கீழ நிக்கச் சொல்லுவீகளா?"

கெட்டிமேளம் அடித்துவிட்டது. அப்புறம் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. கொஞ்சம் கழித்து சோணை பொண்டாட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையேறி, ஒரு முழம் மல்லிகையை இருளாயி கையில் திணித்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனாள். இருளாயி அதைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

போன வாரம் மழை விட்ட ஒரு நாளில் அவரைக்காய் காய்த்திருக்கிறது, வாங்க என்று இருளாயி கூப்பிட்டாள். போனோம். முனீஸ்வரி திண்டுக்கல்லில். வீட்டில் இருளாயியும் ஆடுகளும்தான். சோற்றைப் போட்டுவிட்டு, "ஒரு குரலு இல்ல தாயி வீட்ல. ஆட்டுக்கூடத்தான் பேசிக்கிட்டிருக்கேன்" என்றாள். ஷெரின் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "நான் டேப்கூடப் பேசுறேன்ம்மா" என்றாள்.

திடீரென்று மறுபடி மழை. ஆட்டுக் கொட்டகைக்குள் ஓடினோம். தலைக்கு மேல் ஃபிளெக்ஸ் கூரை. நிமிர்ந்து பார்த்தால், அந்த முதல் பேனர். படம் உள்பக்கம் இருக்கும்படி போட்டிருந்தாள். வட்டத்துக்குள் முத்திருளன், பக்கத்தில் விளக்கு.

"ஏம்மா, உள்பக்கமா போட்டிருக்கீங்க?" என்றாள் ஷெரின்.

"வெளிய போட்டா ஊரு பாக்கும். உள்ள போட்டா நான் மட்டும் பாப்பேன்." ஆட்டுக்குட்டியை மடியில் இழுத்துக்கொண்டு அவளும் மேலே பார்த்தாள். மழை படபடவென்று அடித்தது. அவர் முகம் அதிர்ந்துகொண்டே இருந்தது. "பரவாயில்ல தாயி. இத்தன வருசங்கழிச்சு ஒரு கூரையாவாவது வந்து நிக்கிறாரு. ஒழுகல."

அன்றைக்கு ஷெரின் வீட்டுக்கு வந்து டேப்பைத் திறந்து ஒன்றைக் காட்டினாள். கல்யாண மேடையில் இருளாயி வம்படியாக அவளை இழுத்து நிறுத்தி எடுத்த குடும்பப் படம், முனீஸ்வரி அனுப்பியிருந்தாள். ஓரத்தில், பாதித் தோள் வெளியே போன மாதிரி, ஷெரின் நிற்கிறாள். "இது மட்டும் வெட்டாம வச்சிருக்கேன் ஆன்ட்டி" என்றாள்.

சரி, மழை வலுக்கிறது, கரண்ட் போவதற்குள் முடித்துவிடுகிறேன். உங்கள் வீட்டு விசேஷத்தில் பேனரில் யாரை வைத்தீர்கள், யாரை விட்டீர்கள்? மேலேயும் வைக்க முடியாமல் கீழேயும் வைக்க முடியாமல் உங்கள் வீட்டில் யாராவது உண்டா? இருந்தால் எனக்கு எழுதுங்கள். மாடியில் ஷெரினுக்கும் படித்துக் காட்டுகிறேன். ஊரார் முகத்தை எல்லாம் அவள் பார்த்துவிட்டாள், பேச்சைத்தான் அவள் கேட்டதில்லை.